மயிலுக்கு எத்தனை மார்க்?

எதைக் கண்டாலும் எழுபதுக்கு மார்க் போடுகிற மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. காலையில் காபியை வாயில் வைத்ததும் "அறுபத்திரண்டு" என்பார். இஸ்திரி போட்ட சட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "காலர்ல மடிப்பு. ஐம்பத்தெட்டு" என்பார். மகள் தான் விரும்பிய பையனை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தபோது, அவன் கிளம்பி வாசலைத் தாண்டினானோ இல்லையோ, "அறுபத்துமூணு. பளபளப்பு இருக்கு, ஆனா அங்கங்க அடிபட்டிருக்கு" என்று சொல்லிவிட்டார். வெளியே ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் காதில் அது விழுந்தது. மருமகனாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் அவன் போனில் "அறுபத்துமூணு பேசுறேன் மாமா" என்றுதான் ஆரம்பிக்கிறான்.

எழுபதுக்கு எழுபது மட்டும் அவர் யாருக்கும் எதற்கும் போட்டதில்லை. "எழுபது போட்டுட்டா அப்புறம் பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்பார். மனைவிக்கு எத்தனை என்று மகள் ஒருமுறை சீண்டியபோது, செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கறாரான மனிதர்தான், ஆனால் முட்டாளில்லை.

இந்த எழுபது அவர் செய்த வேலையிலிருந்து வந்தது. பழைய நாணயங்களின் தரம் பார்த்து எண் போடுகிற ஓர் அலுவலகத்தில் அவருக்கு வேலை. நாணயம் சேர்ப்பவர்களும் விற்பவர்களும் தங்கள் காசுகளை அங்கே அனுப்புவார்கள். அலுவலகம் அதைப் பார்த்து, ஒன்றிலிருந்து எழுபதுவரை ஓர் எண்ணைப் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடி, திருப்பி அனுப்பும். அறுபதுக்குக் கீழே என்றால் புழக்கத்தில் அடிபட்டுத் தேய்ந்த காசு. அறுபதிலிருந்து மேலே போனால் யார் கையிலும் புழங்காத காசு. அறுபத்தைந்துக்கும் அறுபத்தாறுக்கும் நடுவில் மயிரிழைதான் இடைவெளி, ஆனால் அதற்காக மனிதர்கள் ராத்திரி தூக்கத்தைத் தொலைப்பார்கள்.

அலுவலகத்தில் அவருக்குக் கறார் என்று பெயர். முகத்துக்கு நேரே கறார் சார். முதுகுக்குப் பின்னால் வெறும் கறார். இரண்டும் அவருக்குத் தெரியும், இரண்டிலும் அவருக்குப் பெருமைதான்.

அவர் உட்கார்ந்து பார்க்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறம். கூரை விளக்கை அணைத்துவிட்டு, மேஜைக்கு ஒரு பல்பு மட்டும் எரியும். காசு விழுந்தால் அடிபடாதிருக்க மேஜைமேல் ஒரு கறுப்பு வெல்வெட் துண்டு. காசை விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். கையில் காசு இருக்கும்போது வாயைத் திறக்கவே கூடாது. எச்சில் ஒரு பொட்டுத் தெறித்தால் போதும், சில மாதத்தில் அந்த இடத்தில் கரும்புள்ளி விழுந்துவிடும். எவ்வளவு கோபம் வந்தாலும் முதலில் காசைக் கீழே வைக்க வேண்டும், பிறகுதான் கத்த வேண்டும். இந்தப் பழக்கத்தால் அந்த அறையில் பாதிச் சண்டைகள் பிறக்காமலே செத்தன.

அந்த அறையில் இரண்டே பேர். முதலில் பார்ப்பது டீச்சர். அவள் எண்ணைப் போட்டுவிட்டுக் காசை அடுத்த மேஜைக்குத் தள்ளுவாள். கறார் பார்த்துத் தன் எண்ணைப் போட்ட பிறகுதான் டீச்சர் போட்டது அவர் கம்ப்யூட்டர் திரையில் தெரியும். வித்தியாசம் ஒன்றுக்குள் இருந்தால் கறார் சொன்னதே முடிவு. ஒன்றுக்கு மேல் போனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள எண்தான் பெட்டிக்குப் போகும். இந்த விதியைக் கொண்டுவந்தவரும் கறார்தான். தன் கண்ணுக்கும் ஒரு கடிவாளம் இருக்கட்டும் என்று ஒரு நல்ல நாளில் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

டீச்சர் ஒரு காலத்தில் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள். பள்ளி மூடப்பட்டு வேலைக்கு அலைந்தபோது, "படம் வரையிறவளுக்குக் காசைப் பத்தி என்ன தெரியும்?" என்று மேனேஜர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். கறார்தான் ஒற்றைக்காலில் நின்று சேர்த்துவிட்டார். "காசைப் பத்தி நாம சொல்லித் தந்துடலாம் சார். பார்க்கத் தெரிஞ்சவங்களை எங்க போய்த் தேடுறது?" என்றார். அன்றிலிருந்து அவள் அவரை அண்ணே என்கிறாள். அவரும் உடன்பிறந்த தங்கையைப் போலத்தான் அவளை அதட்டுவார், அவளுக்குக் காய்ச்சல் என்றால் தானும் சேர்ந்து இருமுவார். அவளுடைய கணவர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தார். குடும்பம் அவளுடைய ஒரு சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இருவருக்கும் பிடித்தவை அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர்கள். உள்ளங்கையை நிறைக்கிற பெரிய காசு. ஒரு பக்கம் பெண்ணின் தலை, மறுபக்கம் இறக்கை விரித்த கழுகு. வெள்ளி சும்மா இருக்காது. துணிப்பையிலோ காகித உறையிலோ பல வருஷம் கிடந்தால், அதிலிருக்கும் கந்தகம் பட்டு மெல்ல நிறம் ஏறும். முதலில் வெளிறிய பொன், பிறகு சிவப்பு, ஊதா, அதற்கப்புறம் நீலம். இந்த வரிசை மாறாது. மருந்து தடவி ஒரே நாளில் நிறம் ஏற்றினால் வரிசை குழம்பி, தண்ணீர்மேல் எண்ணெய் மிதக்கிற மாதிரி நிறம் தனியாக மிதக்கும். அப்படிப்பட்டதைக் கறார் தொட்ட மாத்திரத்தில் தூக்கி ஒதுக்குவார்.

நிஜமான நிறத்திலும் ஒரு வம்பு உண்டு. அழகாக இருந்து ஆளை ஏமாற்றும். நிறத்துக்கு அடியில் யாரோ எப்போதோ துணியால் தேய்த்த கோடுகள் ஒளிந்திருக்கும். பெண்ணின் கன்னத்திலும், காதுக்கு மேலே முடியிலும், கழுகின் நெஞ்சிலும் லேசாகத் தேய்ந்திருந்தால் அதையும் நிறம் மூடி மறைக்கும். அதனால் காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்துச் சாய்த்துத் திருப்ப வேண்டும். நல்ல காசில் ஒளி சக்கரம் போல வட்டம் முழுக்கச் சுற்றி வரும், நிறத்தின் மேலேயும் நிற்காமல் ஓடும். எங்கே ஒளி தயங்குகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது. நிறம் கறுத்து ஒளியே செத்துப்போயிருந்தால் மார்க்கும் செத்தது. கறார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

எந்தக் காசை எதோடு ஒப்பிடுவது என்பதற்காகச் சில மாதிரிக் காசுகள் இரும்புப் பெட்டியில் உண்டு. அவற்றில் ஒன்று மயில். கறார் இளமையில் தேர்ந்தெடுத்த வெள்ளி டாலர். பெண்ணின் தலைக்குப் பின்னால் பிறை மாதிரி நீலம் படர்ந்து, ஊதாவில் கரைந்து, பொன்னில் முடியும். மார்க் அறுபத்தாறு. நிறம் ஏறிய டாலரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் மயிலை எடுத்துப் பார் என்பதுதான் அறையின் பழக்கம். கறார் மட்டும் அதை எடுத்தே வருஷக்கணக்காகிறது. அவருக்கு அது மனப்பாடம்.

தன் கண்மீதும் அவருக்கு அதே நம்பிக்கை. ஐம்பது வயதில் மாட்டிய கண்ணாடியை அறுபதை நெருங்கும்போது கழற்றி வைத்துவிட்டார். பக்கத்தில் இருப்பதெல்லாம் கண்ணாடி இல்லாமலே தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது. மனைவி தொலைத்த ஊசியைத் தரையிலிருந்து எடுத்துக் கொடுத்து, நூலையும் கோத்துக் கொடுத்தார். "எல்லாருக்கும் வயசாக ஆகக் கண்ணு போகும், எனக்குத் திரும்பி வருது" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார். ஒருநாள் டீச்சர், "அண்ணே, எதுக்கும் ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துடுங்களேன்" என்றாள். "யாருக்கு? எனக்கா? ஊசிக் காது தெரியுது எனக்கு!" என்று சிரித்தார். அவள் அடுத்த காசை எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்கு வண்ணம் பூசினார்கள். வாசற்கதவுக்கு நீலம் வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டாள். பெயின்டர் பூசிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்க, கறார் வந்து கதவைப் பார்த்தார்.

"என்னப்பா இது, சாம்பலை அள்ளிப் பூசி வெச்சிருக்க?"

"சார், நீலம் சார். அம்மா சொன்ன அதே நீலம்."

"என்கிட்டயே கதை விடறியா? நிறம் பார்க்கிறதுதான்யா எனக்கு வேலை!"

பெயின்டர் டப்பாவை எடுத்துவந்து மூடியிலிருந்த எழுத்தைக் காட்டினான். டப்பாவே போலி என்றார் கறார். மனைவி உள்ளேயிருந்து வந்து, "நீலமாத்தாங்க இருக்கு" என்றாள். "உனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு" என்று ஒரே போடாகப் போட்டார். பெயின்டரும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை போட அவருக்குக் காரணமே வேண்டாம் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது, அதனால் அவளுக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. அன்றிலிருந்து அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் "முப்பது" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

அலுவலகத்தில் வேறொரு குடைச்சல் ஆரம்பித்திருந்தது. வெள்ளி டாலர்களில் டீச்சரின் எண்ணும் அவருடைய எண்ணும் ஒத்துப்போகவில்லை. எல்லாக் காசிலும் இல்லை. நிறம் ஏறாத காசில் இருவரும் ஒரே எண்ணைப் போட்டார்கள். நிறம் ஏறிய சிலவற்றில் மட்டும் அவர் அறுபத்துநாலு போட்டால் திரையில் அறுபத்தெட்டு என்று தெரிந்தது. அறுபத்தெட்டு! வாழ்நாளில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அவர் அந்த எண்ணைப் போட்டிருக்கிறார். இவளோ வாரத்துக்கு ஒன்று போட்டாள். விதிப்படி நடு எண் அறுபத்தாறு பெட்டிக்குப் போனது. அவர் கண்ணுக்கு அந்தக் காசுகள் கறுத்து, ஒளி மங்கி, மூலையில் கிடந்த பாத்திரம் மாதிரி இருந்தன.

ஒருமுறை காசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு எப்படி அறுபத்தெட்டு?"

டீச்சர் தலை நிமிரவில்லை. "எனக்கு அப்படித் தோணுதுண்ணே."

தோணுது! காரணம் சொல்லாமல் அவள் எண் போட்டதே இல்லை. இடது கன்னத்தில் கோடு, காதுக்கு மேலே அச்சு அழுந்தவில்லை என்று விரல் வைத்துக் காட்டுகிறவள். இப்போது தோணுதாம்.

சந்தேகம் என்பது ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் உட்கார இடம் தானே தேடிக்கொள்ளும். நிறம் ஏறிய டாலர்களையே வாங்கி விற்கிற வியாபாரி ஒருவர் இருந்தார். யார் காசு என்று பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பது சட்டம், ஆனால் அந்த வகைக் காசு வந்தால் அது அவருடையதாக இருக்கும் என்பது அலுவலகம் முழுவதும் அறிந்த ரகசியம். ஒரு மழைநாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அந்த வியாபாரியின் குடைக்குக் கீழே டீச்சர் நிற்பதைக் கறார் பார்த்தார். ஏதோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். கணவருக்கு வேலை இல்லை, அறுபத்தெட்டு, குடை. மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தார், முடிச்சு அவிழ மறுத்தது.

வீட்டில் சாப்பாட்டுக்கு மார்க் போடாமல் எழுந்த அன்றுதான் மனைவிக்கு விஷயம் புரிந்தது. கேட்டதும் கொட்டிவிட்டார்.

"அந்தப் பொண்ணா? ஒருநாளும் இருக்காதுங்க."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆனா காசு பொய் சொல்லாதே."

"மேனேஜர்கிட்டச் சொல்லிட்டா அவ வேலை போயிடும்ல?"

"போயிடும்."

"அவ சம்பளத்துலதான் வீடு ஓடுது."

"தெரியும்" என்றார். "அதுக்காக எண்ணை மாத்திப் போட முடியுமா?" அவர் அழுது மனைவி பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தாள்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் கூட்டல் கழித்தல் தவிர எதிலும் அவசரப்படாத ஆள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆதாரம்?" என்றார். "மயிலை எடுத்து இந்தக் காசுங்க பக்கத்துல வெச்சுக் காட்டுறேன் சார். அறுபத்தாறுன்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்" என்றார் கறார். நாளைக் காலை மூவரும் உட்காருவது என்று முடிவாயிற்று. நிரூபணமானால் அன்றைக்கே டீச்சரை அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொன்னார். கறார் தலையாட்டினார். அந்தத் தலையை ஆட்டுவதற்கு அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போனார். இரும்புப் பெட்டியைத் திறந்தார், மயில் என்று சீட்டு ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தார், விளக்கடியில் சாய்த்தார்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மயில் இல்லை.

நீலப்பிறை இருந்த இடத்தில் அழுக்குப் பழுப்பாக, கறுப்பாக என்னவோ இருந்தது. ஒளி ஓடவில்லை. அறுபத்துமூன்றுகூடத் தேறாத காசு. மயிலை யாரோ எடுத்துக்கொண்டு வேறு காசை வைத்துவிட்டார்கள்! யாரோ என்ன யாரோ, பெட்டிச் சாவி இருப்பது இரண்டே பேரிடம். அடிப்பாவி, மயிலையுமா விற்றுவிட்டாய் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்து மேனேஜர் அறைக்கு ஓடத்தான் போனார்.

ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. நிற்கும்போதே காசைத் திருப்பியது, கண் கன்னத்துக்குப் போனது. மயிலின் கன்னத்தில் பாதி எள் அளவுக்கு ஒரு கீறல் உண்டு. இருந்தது. கழுத்துக்குக் கீழே சாய்ந்த சின்னக் கோடு ஒன்று உண்டு. இருந்தது. பின்பக்கம் கழுகின் இடது இறக்கைக்கு மேலே, பையில் வேறு காசோடு மோதிய பிறைத் தழும்பு. அதுவும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒரு காசைப் போல இன்னொரு காசுக்கு நிறம் அமையலாம். தழும்புகள் மூன்றும் இம்மி பிசகாமல் அமைய வழியே இல்லை. பெட்டியின் முத்திரையும் உடையவில்லை.

அப்படியென்றால் இது மயில்தான். மூடிய பெட்டிக்குள் காசு மாறவில்லை.

கறார் உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்த நீலப் பேனாவை எடுத்து மூடியைப் பார்த்தார். கறுப்பு. மனைவி தினமும் சட்டைப்பையில் வைத்தனுப்புவது நீலப் பேனா என்று அவருக்குத் தெரியும், அதனால் இத்தனை நாளும் அதை நீலம் என்றே நினைத்து எழுதியிருக்கிறார். கதவு நினைவுக்கு வந்தது. டப்பாவை ஏந்திக்கொண்டு நின்ற பெயின்டரின் முகம் நினைவுக்கு வந்தது.

டீச்சர் உள்ளே வந்தாள். விளக்கையும் பெட்டியையும் அவரையும் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

அவர் மயிலை வெல்வெட் துண்டின்மேல் வைத்துவிட்டுத்தான் பேசினார். "இது என்ன நிறம்மா?"

"நீலம்ணே." குனிந்து பார்த்து, "நல்ல நீலம்" என்றாள்.

"எனக்குத் தெரியலன்னு உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"போன மழைக்காலத்துலேர்ந்து. வானம் மாதிரி ஒரு காசை 'கறுத்துப்போச்சு'ன்னு தள்ளினீங்க. அப்படிப்பட்டதை நீங்க தள்ளுற ஆளா?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"கண்ணைக் காட்டச் சொன்னேனே. ஊசிக் காதுன்னீங்க. மேனேஜர்கிட்டச் சொன்னா உங்களை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. என்னை இங்க உட்கார வெச்ச ஆளை நானே எழுப்பி விடவா?" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க எவ்வளவு குறைப்பீங்கன்னு எனக்கு அத்துப்படி. அறுபத்தாறுன்னா அறுபத்துநாலு போடுவீங்க. நான் அறுபத்தெட்டு போட்டா நடுவுல அறுபத்தாறு வந்துடும். காசுக்காரனுக்கும் நஷ்டமில்ல, உங்களுக்கும் தெரியாது. அதான்."

அவள் எண்ணைக் கூட்டிப் போடுகிறாள் என்று அவர் கண்டுபிடித்தது சரி. ஏன் என்றுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

"அந்தக் குடை?" என்றார், வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல்.

"எந்தக் குடைண்ணே?" என்றாள் அவள். அவளுக்கு நினைவே இல்லை.

அவருக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அந்தக் குடைக்காக ஒரு குடும்பத்தையே தெருவில் நிறுத்த இருந்தார். கூடவே கோபமும் வந்தது. காசைப் பார்த்துப் போட வேண்டிய எண்ணை ஆளைப் பார்த்துப் போட்டிருக்கிறாள், அதுவும் அவர் கற்றுக்கொடுத்தவள். இரண்டோடும் அவர் எழுந்து அவள் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு மேனேஜர் அறைக்குப் போனார்.

அங்கே எல்லாவற்றையும் சொன்னார். கண்ணைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவள் கூட்டிப் போட்டதையும் சொன்னார், மறைத்துப் பேச அவருக்கு வராது. "அதையும் ஏங்க சொன்னீங்க?" என்று அன்று மாலை மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அதோடு இன்னொன்றையும் சேர்த்துத்தான் அவர் சொல்லியிருந்தார்: "அவ பண்ணது தப்பு சார். ஆனா என் கண்ணு எவ்வளவு கோணல்னு அளந்து, அதே அளவு எதிர்ப்பக்கம் கோணினாளே, அதுக்கு எப்பேர்ப்பட்ட கண்ணு வேணும்? அவளை அனுப்பிட்டு யாரை வெச்சுப் பார்ப்பீங்க? என்னையா?"

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வேறு கிளையிலிருந்து ஒருவரை வரவழைத்து, திருப்பி வாங்க முடிந்த நீலக் காசுகளையெல்லாம் மறுபடி பார்க்கச் சொன்னார். ஒன்று பாக்கியில்லாமல் பெட்டியில் இருந்த எண்ணே சரி என்றார் வந்தவர். இரண்டு தப்புகள் சேர்ந்து ஒரு வருஷம் முழுக்கச் சரியாக மார்க் போட்டிருக்கின்றன! சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் மேனேஜர் இரண்டையும் செய்தார். டீச்சருக்குக் கண்டிப்பான ஓர் எச்சரிக்கை. அதோடு கறாரின் நாற்காலி. கறாருக்கு, கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்தால், டீச்சரின் பழைய நாற்காலி.

கண் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். கண்ணுக்குள்ளே இருக்கிற வில்லை மஞ்சளாகிப் பழுத்துக் கிடக்கிறது, நீலத்தை உள்ளே விடாது, அதுதான் கண்புரை. "கண்ணாடி இல்லாமலே ஊசியில நூல் கோத்தேனே டாக்டர்!" என்று கறார் வாதாடினார். "அதுவும் இதோட வேலைதான் சார். போறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் கிட்டத்துப் பார்வையைத் தந்து ஏமாத்தும்" என்றார் டாக்டர். ஏமாற்றுகிற காசுகளைப் பிடிப்பதற்கே வயதைச் செலவழித்த மனிதர் ஆபரேஷனுக்குப் படுத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்த அன்று மனைவி கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். வாசலில் கறார் நின்றுவிட்டார். கதவு நீலமாக இருந்தது. கண் கூசுகிற அளவுக்கு நீலம். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை?" என்றாள் மனைவி.

"பெயின்டர் நம்பர் இருக்கா?" என்றார் அவர். போன் போட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கதவைத் திறந்து உள்ளே போனார்.

இரண்டாவது கண்ணும் முடிந்து வேலைக்குத் திரும்பியவரை அறை வேறு மாதிரிதான் வரவேற்றது. டீச்சர் அவருடைய பழைய நாற்காலியில் இருந்தாள். முதல் நாற்காலியில் உட்கார அவருக்குக் கொஞ்சம் கூச்சம்தான், முழங்கால் மேஜையில் இடித்தது. வந்த முதல் வெள்ளி டாலரே நிறம் ஏறியது. விளிம்பெல்லாம் நீலம். இத்தனை வருஷமாகத் தான் நீலம் என்று நினைத்திருந்ததே பழைய கண்ணின் நீலம்தான் என்று அப்போது அவருக்குப் பட்டது. ஒளி வட்டம் முழுக்கச் சுற்றி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், ஆசை தீரவில்லை. அறுபத்தேழு போட்டார். காசைத் தள்ளினார்.

டீச்சர் எடுத்தாள். சாய்த்தாள், திருப்பினாள், இன்னொரு முறை சாய்த்தாள். எண்ணைத் தட்டினாள். அறுபத்தாறு. வித்தியாசம் ஒன்றுதான், ஆகவே அவள் எண்ணே முடிவு.

"ஏன் குறைச்ச?" என்று கறார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

அவள் கையில் காசு இருந்தது. வாயைத் திறக்கவில்லை. நிதானமாக அதை வெல்வெட் துண்டின்மேல் வைத்துவிட்டு, "கன்னத்துல பாருங்கண்ணே. நீலத்துக்கு அடியில" என்றாள்.

அவர் எடுத்துப் பார்த்தார். நிறத்துக்கு அடியில் யாரோ எப்போதோ துணியால் துடைத்த கோடு, சிலந்தி நூல் மாதிரி ஒன்றே ஒன்று. அதன்மேல் ஒளி கண்ணிமைக்கிற நேரம் தயங்கி மறுபடி ஓடியது. நீலத்தில் மயங்கி அதை விட்டுவிட்டிருக்கிறார். அவர் காசைக் கீழே வைத்தார். டீச்சர் அடுத்த காசுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள், அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் நீலக் கதவைத் திறந்துகொண்டு வந்தவரைப் பார்த்ததும் மனைவிக்கு ஆச்சரியம். மனிதர் காது வரை சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க?"

"இன்னிக்கு எனக்கு ஒரு மார்க் குறைச்சுட்டா."

"அதுக்கா இப்படிச் சிரிக்கிறீங்க?"

"உனக்குப் புரியாது" என்று ஷூவைக் கழற்ற உட்கார்ந்தார். சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டார். "இனிமே அவ என்னைப் பார்த்து மார்க் போட மாட்டா. காசைப் பார்த்துத்தான் போடுவா."